முத்துசுவாமி தீட்சிதர்: வாழ்வும் இசையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீட்சிதரைப் பற்றி நாம் அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி அவருடைய வீட்டிலிருந்தே வந்தது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரரும், பின்னர் பாலுசுவாமிக்கே தத்துப்பிள்ளையாக வளர்ந்தவருமான சுப்பராம தீட்சிதர், 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலில் எழுதி வைத்த வரலாறுதான் இன்றுவரை எல்லோரும் எடுத்தாளும் மூலம். இன்னொரு மூலமும் உண்டு. அது தீட்சிதரின் கிருதிகளே, அதாவது அவர் இயற்றிய கர்நாடக இசைப் பாடல்களே. ஊர், தெய்வம், ராகம், தம் முத்திரை என்று எல்லாவற்றையும் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போன வாக்கேயக்காரர், அதாவது சொல்லையும் இசையையும் தாமே அமைத்தவர், அவர். கீழ்வரும் விடைகளில் வீட்டு வழக்காக வந்த செய்தி அவ்வாறே சுட்டப்படுகிறது. பாட்டே சான்று சொல்லும் இடங்களில் பாட்டின் சொற்கள் தரப்படுகின்றன.

தீட்சிதர் பிறந்த ஆண்டு 1775 என்பது சரியா, 1776 என்பது சரியா?

இரண்டும் அச்சில் இருக்கின்றன. 1775 என்பதே பரவலாக வழங்குகிறது. ஆனால் மரபில் வந்த குறிப்பு மன்மத ஆண்டு, பங்குனி மாதம், கார்த்திகை நட்சத்திரம் என்பதாகும். மன்மத ஆண்டு 1775 சித்திரையில் தொடங்குவதால் அதன் கடைசி மாதமாகிய பங்குனி 1776 மார்ச்சில்தான் வரும். ஆகவே 1776 மார்ச் 24 என்று கொள்வதே கணக்குக்குப் பொருந்துகிறது. அவர் மறைந்த 1835ஆம் ஆண்டின் தீபாவளியும் அடுத்த சுற்றின் மன்மத ஆண்டிலேயே அமைந்தது. அறுபது நிறைவதற்குச் சில மாதங்களே இருந்தன.

பிறந்த ஊர் திருவாரூர். தியாகராஜரும் (1767) சியாமா சாஸ்திரியும் (1762) அதே ஊரில் பிறந்தவர்கள். மூவருள் இளையவர் தீட்சிதர்.

அவருடைய குடும்பம் எத்தகையது?

தந்தை இராமசுவாமி தீட்சிதர் தம்மளவிலேயே பெரிய வாக்கேயக்காரர். இன்று கச்சேரியின் தொடக்கத்தில் நாள்தோறும் எங்காவது ஒலிக்கின்ற ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் அவரே என்பது மரபு. 108 ராகங்களும் தாளங்களும் கோத்த ராகதாள மாலிகை ஒன்றையும் இயற்றினார். வேங்கடமகியின் வழிவந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம் பாடம் கேட்டவர் ஆதலால், வேங்கடமகியின் மேள முறை, அதாவது ராகங்களைத் தாய்ராகங்களின் கீழ் வகைப்படுத்தும் முறை, அந்த வீட்டுக்குள் சொத்துப் போல வந்து சேர்ந்தது. மகனின் இசை ஏன் தியாகராஜரின் இசையிலிருந்து வேறுபட்டு ஒலிக்கிறது என்பதற்கு விடை ஓரளவு இங்கேயே இருக்கிறது.

நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்த இராமசுவாமியும் மனைவி சுப்பம்மாளும் வைத்தீஸ்வரன்கோயிலில் விரதம் இருந்தனர் என்றும், அங்குள்ள முத்துக்குமாரசுவாமியின் பெயரையே தலைமகனுக்கு இட்டனர் என்றும் சொல்வர். சின்னசுவாமி, பாலுசுவாமி என்ற தம்பியரும் பாலாம்பாள் என்ற தங்கையும் அடுத்துப் பிறந்தனர்.

'நொட்டுஸ்வரம்' என்றால் என்ன? ஆங்கிலேயர் மெட்டில் தீட்சிதர் பாட்டு எழுதினாரா?

எழுதினார். சென்னைக்கு அருகிலுள்ள மணலியின் ஜமீன்தார் முத்துகிருஷ்ண முதலியார் இந்தக் குடும்பத்தை ஆதரித்துத் தம் ஊருக்கு அழைத்துக்கொண்டார். அவருக்குப் பின் அவர் மகன் சின்னய்யா முதலியார் என்கிற வேங்கடகிருஷ்ண முதலியாரும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியுடன் தொடர்புடைய குடும்பம் என்பதால், புனித ஜார்ஜ் கோட்டையில் முழங்கிய பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது. அங்கே கேட்ட மெட்டுகளுக்கும் அவற்றின் சாயலில் அமைந்த மெட்டுகளுக்கும் தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாஹித்யம் (பாட்டின் சொற்கள்) இட்டார். அவை ஏறத்தாழ நாற்பது. 'நோட்டு' என்ற சொல்லே வாய்வழக்கில் 'நொட்டு' ஆகி, இவற்றுக்கு நொட்டுஸ்வர சாஹித்யம் என்ற பெயர் நிலைத்தது.

எல்லாமே சங்கராபரணத்தில் அமைந்தவை. மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேலும் சங்கராபரணத்தின் ஸ்வரங்களும் ஒன்றே என்பதால் இது இயல்பானது. பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம் சங்கீத ச்யாமளே' அமைந்திருக்கிறது. அரசனைக் காக்க வேண்டிய மெட்டு இங்கே அம்பாளிடம் 'என்னைக் காப்பாய்' என்று கேட்கிறது. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் அதிகம் தேவைப்படாததால், 'சக்தி ஸஹித கணபதிம்' போன்றவற்றை இன்றும் சிறு பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள்.

கர்நாடக இசைக்கு வயலின் வந்ததில் அவருடைய பங்கு என்ன?

பங்கு தம்பியுடையது. மணலி முதலியாரின் ஏற்பாட்டில் பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்கு ஏற்ப வாசித்துக் காட்டினார். பிற்காலத்தில் அவர் எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்வான் ஆனார். தீட்சிதரின் மாணவர்களாகிய தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவாங்கூரில் சுவாதித் திருநாளின் அவையில் வயலினைக் கொண்டு புகழ் பெற்றார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியாது. அதன் ஒரு வேர் மணலியில் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

காசிக்கு ஏன் சென்றார்?

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி, இளைஞரான முத்துசுவாமியைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு இராமசுவாமியிடம் கேட்டார். தந்தைக்கு மனமில்லை, இருந்தும் இசைந்தார். காசியில் சில ஆண்டுகள் யோகியோடு தங்கி ஸ்ரீவித்யா என்னும் தேவி உபாசனையும் வேதாந்தமும் பயின்றார். யோகியின் சொற்படி கங்கையில் இறங்கியபோது ஒரு வீணை கைக்குக் கிடைத்தது என்பது வீட்டு வழக்கு. யோகி காசியிலேயே சமாதியடைய, தீட்சிதர் தெற்கே திரும்பினார்.

அவர் வீணை வித்வான் என்பதையும் வடக்கே துருபத் என்ற ஹிந்துஸ்தானி இசைப் பாணியைக் கேட்டிருந்தார் என்பதையும் அவருடைய இசையே காட்டுகிறது. வீணையில் ஒரு மீட்டுக்குள் ஸ்வரத்தை இழுத்து இழுத்து நிறுத்தும் சுகம் அவருடைய சாஹித்ய நடைக்குள் புகுந்திருக்கிறது. த்விஜாவந்தி, யமுனாகல்யாணி, ஹமீர்கல்யாணி, பிருந்தாவன சாரங்கா போன்ற ராகங்களை அவர் கையாண்ட விதத்தில் வடக்கின் வாசனை தெளிவாகத் தெரியும். 'ஜம்பூபதே', 'பரிமள ரங்கநாதம்', 'ரங்கபுர விஹார' ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும்.

'குருகுஹ' என்ற முத்திரை எப்படி வந்தது?

திருத்தணியில். மலைமேல் தியானத்தில் இருந்தவரின் வாயில் முதியவர் ஒருவர் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், அந்த இனிப்பு நாவில் இருக்கும்போதே முதல் கிருதி பிறந்தது என்றும் மரபு கூறும். அந்தக் கிருதி மாயாமாளவகௌளையில் அமைந்த 'ஸ்ரீநாதாதி குருகுஹோ ஜயதி ஜயதி'. குகன் என்பது முருகன் பெயர். குருவாக வந்த குகன் குருகுஹன். அதன்பின் அவர் இயற்றிய கிருதிகளில் இந்தச் சொல் எங்காவது ஓரிடத்தில் வரும்.

மாயாமாளவகௌளை சரளி வரிசையின் ராகம். எல்லாப் பிள்ளைகளும் தொடங்கும் இடத்திலேயே அவரும் தொடங்கியிருக்கிறார். முதல் கிருதியிலேயே ராகத்தின் பெயரையும் வைத்தார்: 'மாயாமாளவகௌளாதி தேச மஹீபதி பூஜித'. மாளவம், கௌளம் முதலிய நாடுகளின் அரசர்கள் வணங்குபவன் என்று பொருள் சொல்ல, ராகத்தின் பெயர் நாட்டுப் பெயர்களுக்குள் ஒளிந்துகொள்கிறது. வாழ்நாள் முழுதும் அவர் செய்த வேலையின் மாதிரி முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு பாட்டு தீட்சிதருடையது என்று எப்படி அடையாளம் காண்பது?

எல்லோருக்கும் தெரிந்த 'வாதாபி கணபதிம்' பாட்டின் கடைசி வரியை எடுத்துக்கொள்ளலாம்: 'ஹராதி குருகுஹ தோஷித பிம்பம், ஹம்ஸத்வனி பூஷித ஹேரம்பம்.' முதல் பாதியில் ஆசிரியரின் முத்திரை. இரண்டாம் பாதியில் ராகத்தின் பெயர். அன்னத்தின் ஒலியால் அழகு பெற்ற கணபதி என்று வாக்கியப் பொருளும் கெடவில்லை. இந்த வரி வரும் இடத்தில் பாட்டின் ஓட்டம் இரட்டிப்பாகிறது. இதற்கு மத்யமகால சாஹித்யம் என்று பெயர். நிதானமாக நடந்து வந்த கிருதி முடியும் தறுவாயில் சொற்கள் நெருக்கியடித்து ஓடுவது தீட்சிதரின் தனிக் கைவண்ணம்.

வேறு அடையாளங்களும் உண்டு. மொழி சமஸ்கிருதமாக இருக்கும்; தலத்தின் பெயரோ தலபுராணக் குறிப்போ இருக்கும்; சில கிருதிகள் அனுபல்லவியும் சரணமும் தனித்தனியே இல்லாமல், பல்லவிக்குப் பிறகு இரண்டின் இடத்திலும் நிற்கும் சமஷ்டி சரணத்தோடு முடிந்துவிடும். எதுகையும் மோனையும் இழைத்து இழைத்து வைக்கப்பட்டிருக்கும்.

அந்த 'வாதாபி கணபதி', பல்லவர் படையெடுப்பில் கொண்டுவரப்பட்ட பிள்ளையார்தானா?

நரசிம்மவர்ம பல்லவனின் தளபதி பரஞ்சோதி வாதாபியை வென்று அங்கிருந்து பிள்ளையாரைக் கொண்டுவந்தார் என்ற கதை நம்மிடையே ஆழமாகப் பதிந்துவிட்டது. திருச்செங்காட்டங்குடிக் கோயிலையும் அதனோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் தீட்சிதரின் பாட்டில் போர் இல்லை. 'புரா கும்பசம்பவ முனிவர ப்ரபூஜிதம்' என்றுதான் இருக்கிறது, அதாவது முன்னொரு காலத்தில் குடமுனியாகிய அகத்தியரால் பூஜிக்கப்பட்டவர். வாதாபி என்ற அசுரனைச் செரித்த அகத்தியரின் கதையே கவியின் மனத்தில் இருந்தது. அடுத்து 'மூலாதார க்ஷேத்ர ஸ்திதம்' என்கிறார். பிருதிவித் தலமாகிய திருவாரூரை மூலாதாரம் என்று வழங்குவது மரபு. ஆகவே பாட்டு சுட்டுவது திருவாரூர்க் கோயிலின் வாதாபி கணபதியை என்று கொள்வதே நேரானது.

கமலாம்பா நவாவரணம் ஏன் அவ்வளவு உயர்வாகப் பேசப்படுகிறது?

காஞ்சியில் சில காலம் இருந்த பிறகு தீட்சிதர் பிறந்த ஊருக்கே திரும்பினார். அவருடைய படைப்பு வாழ்வின் உச்சம் திருவாரூரில்தான். அந்தப் பெருங்கோயிலில் கமலாம்பாள் தனிச் சந்நிதியில் காலின்மேல் காலிட்டு யோக நிலையில் வீற்றிருக்கிறாள். ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களையும் (சுற்றுகளையும்) ஒவ்வொன்றாகக் கடந்து நடுவிலுள்ள பிந்துவை அடையும் பூஜை முறையை, அந்தச் சந்நிதியில் தீட்சிதர் ஒன்பது கிருதிகளாக்கினார். முன்னால் தோடியில் ஒரு தியான கிருதி, பின்னால் ஸ்ரீராகத்தில் ஒரு மங்களம். ஆக மொத்தம் பதினொன்று.

இதற்குள் இலக்கணம் ஒன்றையும் கோத்திருக்கிறார். தமிழில் நாம் பள்ளியில் படித்த எட்டு வேற்றுமை போலவே சமஸ்கிருதத்திலும் எட்டு உண்டு. ஆனந்தபைரவியில் 'கமலாம்பா' என்று எழுவாயில் தொடங்கி, கல்யாணியில் 'கமலாம்பாம்' என்று இரண்டாம் வேற்றுமைக்குப் போய், சங்கராபரணம், காம்போதி, பைரவி, புன்னாகவராளி, சஹானா என்று ஒவ்வொரு படியாக ஏறி, கண்டாவில் விளிக்கிறார். ஒன்பதாவதான ஆஹிரிக் கிருதியில் எல்லா வேற்றுமைகளும் ஒருங்கே வந்து சேர்கின்றன. தேவியை 'அவள்' என்று தொடங்கி, அவளை, அவளால், அவளுக்கு, அவளிடமிருந்து, அவளுடைய, அவளிடத்தில் என்று நெருங்கி, கடைசியில் நேரே கூப்பிட்டுவிடுகிறார். இலக்கணத்தை இப்படி உபாசனையின் படிக்கட்டாக ஆக்கியவர் வேறு எவரையும் நான் அறியேன். நவராத்திரியில் நாளுக்கு ஒன்றாக இவற்றைப் பாடும் வழக்கம் பல வீடுகளிலும் சபைகளிலும் உண்டு.

இதே வேற்றுமை வரிசையை நீலோத்பலாம்பாள், மாயூரத்து அபயாம்பாள், திருவாரூர்த் தியாகராஜர், திருத்தணிக் குருகுஹன் ஆகியோர் மீதும் அமைத்திருக்கிறார்.

'தியாகராஜ யோக வைபவம்' பாட்டில் உள்ள சொல்விளையாட்டு என்ன?

முதலில் ஒன்று: இங்கே தியாகராஜர் என்பது திருவாரூர்ப் பெருமான், திருவையாற்றில் வாழ்ந்த வாக்கேயக்காரர் அல்லர்.

ஆனந்தபைரவியில் அமைந்த இந்தக் கிருதியின் பல்லவியில் 'தியாகராஜ யோக வைபவம்' என்ற தொடரை முன்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே போகிறார்: அகராஜ யோக வைபவம், ராஜ யோக வைபவம், யோக வைபவம், வைபவம், பவம், வம். ஒவ்வொரு துண்டும் பொருளுள்ள சொல்லாகவே நிற்கிறது. கடைசியில் மிஞ்சும் 'வம்' ஒரு பீஜாட்சரம், அதாவது ஓரெழுத்து மந்திரம். அகன்று தொடங்கிக் குறுகி முடிவதால் பசுவின் வாலை நினைத்து இதற்குக் கோபுச்ச யதி என்று பெயர். சரணத்தில் அப்படியே புரட்டிவிடுகிறார். சம், ப்ரகாசம், ஸ்வரூப ப்ரகாசம், தத்வ ஸ்வரூப ப்ரகாசம் என்று ஊற்று பெருகி ஆறாவது போல விரிகிறது. இது ஸ்ரோதோவஹ யதி. ஏட்டில் வாசித்தால் வித்தை என்றே தோன்றும். பாடிக் கேட்கும்போது ராகத்தின் ஓட்டத்தில் வித்தை மறைந்து நிற்பதே இதன் பெருமை.

அவருடைய பாட்டுகள் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கின்றன?

விளம்பகாலம் அவர் தேர்ந்துகொண்ட வழி. தியாகராஜரின் கிருதி சங்கதி சங்கதியாக வளரும். ஒரே வரி ஒவ்வொரு சுற்றிலும் புதிய அணி பூண்டு வரும். தீட்சிதரிடம் சங்கதிகள் குறைவு. ராகத்தின் முழு உருவமும் நெடிய ஸ்வரங்களிலும் கமகங்களிலும் முதல் சுற்றிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆகையால் அவசரப்பட்டுப் பாடினால் பாட்டு நிற்காது. கச்சேரியில் நேரம் போதவில்லை என்று காலப்பிரமாணத்தைக் கூட்டிவிடுபவர்களைக் கேட்கும்போது வருத்தமாகவே இருக்கிறது.

நவக்கிரகக் கிருதிகள் ஒன்பதா, ஏழா?

ஞாயிறு முதல் சனி வரையிலான ஏழு வாரக் கிருதிகளில் ஐயம் இல்லை. அவை துருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்ற ஏழு சுளாதி தாளங்களிலும் வரிசையாக அமைந்துள்ளன. 'சூர்யமூர்த்தே' துருவத்தில் தொடங்க, 'திவாகர தனுஜம்' ஏக தாளத்தில் முடிகிறது. வாரத்தின் நாளும் தாளத்தின் எண்ணிக்கையும் இப்படி நிறைந்துவிடுவதால், ராகு, கேது மீதான இரண்டும் பின்னால் சேர்ந்தவை என்று பலர் கருதுகின்றனர். திருவாரூர்க் கோயிலில் சுத்தமத்தளம் வாசித்த மாணவர் தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலி வர, அது நீங்குவதற்காக அடாணாவில் 'பிருஹஸ்பதே' இயற்றினார் என்பது வழக்கு.

தமிழில் பாடியதே இல்லையா?

தனித்தமிழில் இல்லை. சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்த மணிப்பிரவாளக் கிருதிகள் சில உண்டு. ஸ்ரீராகத்தில் அமைந்த 'ஸ்ரீ அபயாம்பா' அவற்றுள் ஒன்று. தோடியில் உள்ள 'ரூபமு ஜூசி' வர்ணம் தெலுங்கு.

மொழி வேறாயினும் நிலம் தமிழ் நிலமே. காஞ்சிக்கு 'சிந்தய மாகந்த மூலகந்தம்', திருவானைக்காவுக்கு 'ஜம்பூபதே', திருவண்ணாமலைக்கு 'அருணாசலநாதம்', சிதம்பரத்துக்கு 'ஆனந்த நடன ப்ரகாசம்' என்று ஐம்பூதத் தலங்களையும் பாடினார். ஐந்தில் காளத்தி மட்டும் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. தேவாரம் பாடிய மூவருக்குப் பிறகு இவ்வளவு ஊர்களைக் கால்நடையாகச் சுற்றி, ஊருக்கு ஊர் பாட்டு வைத்தவர்கள் மிகச் சிலரே.

தீட்சிதரின் ராகப் பெயர்கள் சில ஏன் வேறுபடுகின்றன?

அவர் பின்பற்றியது வேங்கடமகி வழிவந்த அசம்பூர்ண மேள முறை. தாய்ராகத்தின் ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் ஏழு ஸ்வரமும் ஒழுங்காக வர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. கனகாங்கி என்று தொடங்கும் இன்றைய பட்டியலுக்கு இணையாக அங்கே கனகாம்பரி என்று தொடங்கும். 22ஆம் மேளத்துக்கு இன்று கரகரப்பிரியா என்கிறோம். தீட்சிதருக்கு அது ஸ்ரீராகம். கரகரப்பிரியாவில் அவர் எதுவும் இயற்றவில்லை. பூர்விகல்யாணி என்று நாம் சொல்வது அவர் மரபில் கமகக்கிரியா.

அவருடைய மாணவர்கள் யார்?

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வர். பரதநாட்டியத்தின் இன்றைய மார்க்கத்தை, அதாவது நிகழ்ச்சி வரிசை முறையை, ஒழுங்குபடுத்தியவர்கள் அவர்களே. குருவைப் போற்றி 'நவரத்னமாலை' என்ற ஒன்பது கிருதிகளை இயற்றினர். தம்பியப்பனை முன்பே குறிப்பிட்டோம். திருவாரூர்க் கமலம் போன்ற தேவதாசியரும், நாகஸ்வரக் கலைஞர்களும், மத்தளக்காரர்களும் அவரிடம் பாடம் கேட்டனர். வைதீகமான உபாசகர் ஒருவர் அந்தக் காலத்தில் இவர்கள் அனைவருக்கும் சொல்லிக்கொடுத்ததால்தான் அவருடைய பாட்டு பிழைத்தது. வீணை தனம்மாள் கற்றுக்கொண்ட சாத்தனூர் பஞ்சநதய்யரின் பாடாந்தரம் (வழிவழியாக வந்த பாடமுறை) தம்பியப்பன் வழியில் வந்ததே.

இறுதி நாட்கள் எப்படிக் கழிந்தன?

தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருப்பதை அறிந்து மதுரை வழியாக அங்கே சென்றார். வறண்ட கரிசல் வழியில் அமிர்தவர்ஷிணி ராகத்தில் 'ஆனந்தாம்ருதாகர்ஷிணி' பாட மழை கொட்டியது என்ற கதை இந்தப் பயணத்தைச் சேர்ந்தது. 1835 அக்டோபர் 21, தீபாவளியன்று, மாணவர்களை 'மீனாக்ஷி மே முதம் தேஹி' பாடச் சொன்னார். 'மீனலோசனி பாசமோசனி' என்ற இடத்தை அவர்கள் பாடிக்கொண்டிருக்கையில் உயிர் பிரிந்தது என்பர். எட்டயபுரத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. 47 ஆண்டுகள் கழித்து அதே ஊரில் பாரதியார் பிறந்தார்.

மொத்தம் எத்தனை கிருதிகள்? எல்லாம் அவருடையவைதானா?

'பிரதர்சினி'யில் 229 கிருதிகள் ஸ்வர, கமகக் குறிகளுடன் உள்ளன. பின்னாளில் அச்சேறியவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை 450ஐத் தாண்டும். பின்னால் வந்தவற்றுள் சிலவற்றைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மிகப் பிரபலமான 'அகிலாண்டேஸ்வரி' (த்விஜாவந்தி) 'பிரதர்சினி'யில் இல்லாதது. சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்கு வந்து பாடம் சொன்னார். அவரிடம் கற்ற நீதிபதி டி.எல். வெங்கடராமய்யரும் டி.கே. பட்டம்மாளும் இந்தக் கிருதிகளைப் பொது மேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர்கள். தெலுங்கில் இருந்த நூலைச் சென்னை மியூசிக் அகாடமி தமிழில் வெளியிட்டது.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

நொட்டுஸ்வரங்கள் சிலவற்றைக் கேட்டுவிட்டு, 'வாதாபி கணபதிம்' பாட்டை வரியறிந்து ஒருமுறை கேட்கலாம். பிறகு காம்போதியில் 'ஸ்ரீ சுப்ரஹ்மண்யாய நமஸ்தே', பைரவியில் 'பாலகோபால'. வாய்ப்பாட்டு கனமாகத் தோன்றினால் வீணையில் கேட்பது நல்லது; நீண்ட ஸ்வரங்கள் எதற்காக நீள்கின்றன என்பது தந்தியில் சட்டென்று பிடிபடும். நவாவரணத்தை ஒரே அமர்வில் முடிக்க முயல வேண்டாம். நாளுக்கு ஒன்று போதும்.